வுயானி கொடுத்த சிறுநீரகமும் அக்காவின் எலும்பும்

தென்னாப்பிரிக்காவின் மதர்வெல் மினிபஸ் நிறுத்தத்தில் டிரைவர் வுயானியைத் தெரியாத ஆள் கிடையாது. பதினாலு வருடத்துக்கு முன்னால் அக்கா புமேசாவுக்குத் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தவன். தெரியாத யாராவது வண்டியில் ஏறிவிட்டால் அவனே சொல்லிவிடுவான். சட்டையைத் தூக்கி விலாவுக்குக் கீழே இருக்கும் தழும்பைக் காட்டி, "ஒத்த இன்ஜின்ல ஓடுற வண்டிம்மா இது, பயப்படாம உட்காரு," என்பான். வண்டியே சிரிக்கும்.

கொடுத்தபோது அவன் மனசு சுத்தமாகத்தான் இருந்தது. அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் புமேசா. அவள் ஆறு வருடம் டயாலிசிஸ் நாற்காலியில் கிடந்து கரைந்ததைப் பார்த்திருந்தான். பொருத்தம் இருக்கிறது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே சரி என்றுவிட்டான். பெருமையெல்லாம் பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. சர்ச்சில் அவனை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள். குடும்பத்தில் அவன் பேச்சுக்கு மறுபேச்சு இல்லாமல் போயிற்று. ஆடு அறுத்தால் புமேசா முதல் துண்டை அவன் தட்டில்தான் வைப்பாள். அவனும் அதை எதிர்பார்க்கப் பழகிவிட்டான்.

போன வருடம் புமேசா சுணங்க ஆரம்பித்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் பெரிய சட்டியைத் தனியாளாக இறக்குகிறவள், எங்கே போனாலும் உட்கார இடம் தேடினாள். இடுப்பில் வலி, காலில் வலி, தீராத தாகம், எதிலும் மனசு ஒட்டாத சோர்வு. கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கால்சியம் கூடுதலாக இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் ஹார்மோன் பரிசோதனையும் எலும்பு ஸ்கேனும் எடுக்க வேண்டும் என்று தேதி கொடுத்தார்கள்.

"வுயானி, செவ்வாக்கிழமை என்னைக் கொண்டுபோய் விடுறியா? இந்தக் காலோட ரெண்டு வண்டி மாறி ஏற முடியலடா."

"கிட்னி எப்படி இருக்காம்?"

"அது நல்லாத்தான் இருக்காம்."

"அப்புறம் என்னக்கா? கால்சியம் கூட இருந்தா எலும்புக்கு நல்லதுதானே! குறைஞ்சாத்தான் கவலைப்படணும். செவ்வாக்கிழமை எனக்கு ஓட்டம் இருக்கு. அடுத்த தேதி வாங்கு, போயிக்கலாம்."

அடுத்த தேதியும் வந்தது. அன்றைக்கு ஒரு சாவு வீட்டுக்கு வண்டி கேட்டிருந்தார்கள். அதுவும் தவறியது. புமேசா அப்புறம் கேட்கவில்லை. கேட்காததால் வலி விட்டுப்போயிற்று என்று அவன் வைத்துக்கொண்டான். அப்படி வைத்துக்கொள்வது சௌகரியமாக இருந்தது.

டிசம்பரில் அவன் மகன், குல வழக்கப்படி விருத்தசேதனச் சடங்கை முடித்துக் காட்டுக் குடிசையிலிருந்து ஆண்மகனாகத் திரும்பினான். தெருவை அடைத்துக் கூடாரம், மாடு அறுத்து விருந்து. அத்தை முறை என்பதால் புமேசாவுக்குத்தான் முதல் மரியாதை. பாடிக்கொண்டே சோள பீர் வாளிகளைத் தூக்கிவரும் பெண்களுக்கு முன்னால் அவள் நடந்திருக்க வேண்டும். அவளோ கூடார ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வுயானி அதற்குள் நன்றாக ஏற்றிக்கொண்டிருந்தான்.

"என்ன மாம்டோலோ, ராணியாயிட்டீங்களோ?" என்று அவளுடைய குலப்பெயரை இழுத்துக் கூப்பிட்டான். எல்லோரும் திரும்பினார்கள்.

"கால் சொன்னபடி கேக்கல தம்பி."

"கேட்டுக்கோங்கப்பா! நல்ல இன்ஜினாப் பார்த்துக் கழட்டிக் குடுத்தேன். பதினாலு வருஷமா ஒரு ரிப்பேர் இல்ல. ஓட்டுறவ சோம்பேறியா இருந்தா இன்ஜின் என்ன பண்ணும்?"

கூடாரம் அதிரச் சிரித்தார்கள். புமேசாவும் சிரித்தாள். சிரித்தபடியே எழுந்து, நிரம்பியிருந்த ஒரு வாளியைத் தூக்கினாள். நாலடி நடந்திருப்பாள். கால் அவளுக்குக் கீழே இல்லாமல் போன மாதிரி சரிந்தாள். விழுந்ததால் எலும்பு உடையவில்லை, உடைந்ததால்தான் விழுந்தாள் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

வுயானி ஓடிப்போய்ப் பார்த்தபோது சிந்திய பீருக்கு நடுவில் கிடந்தாள். இரண்டு கையும் அடிவயிற்றின் வலப்பக்கத்தை இறுகப் பொத்தியிருந்தன. அவன் கொடுத்தது அங்கேதான் இருந்தது.

"உன்னோடதுக்கு ஒண்ணும் ஆகலடா," என்றாள். "அடி படாமப் பார்த்துக்கிட்டேன்."

குடித்ததெல்லாம் அந்த நிமிஷமே இறங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் தொடை எலும்புக்குக் கம்பி வைத்தார்கள். இரண்டு நாள் கழித்து டாக்டர் ஜேக்கப்ஸ் ரத்தப் பரிசோதனை முடிவோடு கட்டில் பக்கம் வந்து உட்கார்ந்தார்.

"கழுத்துல நாலு சின்னச் சுரப்பி இருக்கும்மா. டயாலிசிஸ்ல இருந்த காலத்துல உங்க ரத்தத்துல கால்சியம் பத்தாம இருந்துச்சு. அந்தச் சுரப்பிங்க எலும்பைக் கரைச்சு ரத்தத்துக்கு அனுப்பப் பழகிடுச்சு. புதுச் சிறுநீரகம் வந்ததும் அடங்கியிருக்கணும். சிலருக்கு அடங்கறதில்ல. ரத்தத்துல கூடுதலா இருந்த கால்சியம் எல்லாம் உங்க எலும்புலேர்ந்து போனது."

வுயானி தரையைப் பார்த்தான். எலும்புக்கு நல்லதுதானே என்று அன்றைக்குப் பெரிய டாக்டர் மாதிரி பேசியது அவன் வாய்தான்.

"அதோட, சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்காம இருக்கத் தர்ற ஸ்டீராய்டு மாத்திரையும் எலும்பை மெலிய வைக்கும். மாதவிலக்கும் உங்களுக்குச் சீக்கிரமே நின்னுடுச்சு. எல்லாம் சேர்ந்துக்கிச்சு." டாக்டர் காகிதத்தைப் புரட்டினார். "ரெண்டு தடவை தேதி குடுத்திருக்கோம். ஏன் வரல?"

"வண்டி கிடைக்கல டாக்டர்," என்றாள் புமேசா.

வுயானியின் கையில் வண்டிச் சாவி இருந்தது. அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

டாக்டர் வெளியே போனதும் பின்னாலேயே ஓடினான். "டாக்டர், வண்டி இருந்துச்சு. என்னோட வண்டிதான். நான்தான் கூட்டிட்டு வரல. அப்பவே வந்திருந்தா கால் உடைஞ்சிருக்காதா?"

"உடைஞ்சிருக்காதுன்னும் சொல்ல முடியாது, உடைஞ்சிருக்கும்னும் சொல்ல முடியாது," என்றார் டாக்டர் ஜேக்கப்ஸ். "ஆனா அந்த வலியை இவ்வளவு நாள் தாங்கியிருக்க வேண்டியதில்ல."

அவர் திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்குத் தோன்றியது.

கால் ஓரளவு தேறியதும் கழுத்தில் அறுவை செய்து சுரப்பிகளில் பெரும்பகுதியை எடுத்தார்கள். பட்டினி கிடந்த எலும்பு அவ்வளவு கால்சியத்தையும் ரத்தத்திலிருந்து இழுத்துக்கொண்டது. புமேசாவுக்கு விரலும் உதடும் மரத்துப்போய், கை இழுத்துக்கொண்டது. கை நிறைய மாத்திரையும் ஊசியுமாக அது அடங்கும் வரை வுயானி வண்டி எடுக்கவில்லை. கட்டில் பக்கத்திலேயே கிடந்தான். அவளுக்குப் பேச்சு தெளிந்த அன்று மெல்ல ஆரம்பித்தான்.

"அக்கா, அன்னைக்கு எல்லார் முன்னாடியும் நான் பேசினது..."

"குடிச்சிருந்த."

"குடிக்காம இருந்தப்பவும்தான் பேசியிருக்கேன். நீ ஏன் ஒரு தடவைகூடத் திருப்பிக் கேக்கல?"

புமேசா கழுத்துக் கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "கேக்க எனக்கு வாய் இருக்கா? வலிக்குதுன்னு சொன்னா, குடுத்தது பத்தலையான்னு கேட்டுடுவியோன்னு பயம். பதினாலு வருஷமா உன் தட்டுல முதல் துண்டு வெச்சிருக்கேன். போதும்க்கா, இன்னைக்கு நீ சாப்பிடுன்னு ஒரு நாளாவது சொல்லுவியான்னு பார்த்தேன்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"இப்பச் சொல்லாத," என்றாள். "தூக்கம் வருது."

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் தம்பி வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. பக்கத்து ஊர் கரீகாவில் இருக்கும் தன் மகள் அசாண்டாவின் வீட்டுக்குப் போய்விட்டாள். கைத்தடியோடு நடக்கிறாள். பள்ளிக்கூட வேலையை விட்டாயிற்று. பரிசோதனை நாளில் வுயானி வண்டியோடு வாசலில் நிற்பான். சில நாள் ஏறுவாள். சில நாள் ஆஸ்பத்திரி வேனுக்குச் சொல்லிவிட்டேன் என்று மகளை விட்டுச் சொல்லி அனுப்புவாள். அவன் வேனுக்குப் பின்னாலேயே வெறும் வண்டியை ஓட்டிப்போய், அவள் இறங்கி உள்ளே நடப்பதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்புவான். நிறுத்தத்தில் யாராவது பழைய கதையைக் கேட்டால் டயரைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொள்கிறான்.

இந்த வருடம் ஜூலைக் குளிரில் ஒரு நாள் அசாண்டா போன் செய்தாள்.

"மாமா, ஸ்கேன் வந்துடுச்சு. எலும்பு கொஞ்சம் தேறியிருக்காம். ஹார்மோனும் அளவுக்கு வந்துடுச்சாம்."

வண்டியை ஓரங்கட்டினான். "அக்காவா சொல்லச் சொன்னா?"



"இல்ல மாமா. நானாத்தான் சொல்றேன்."

"சரிம்மா," என்றான். பின்னாலிருந்து யாரோ நேரமாகிறது என்று கத்தினார்கள். வண்டியை எடுத்தான்.