அத்தரும் ஒற்றுத்தாளும்

அத்தர் வியாபாரத்தில் மூக்கு ஏமாந்தால் வாங்கியவர் முணுமுணுப்பார். தோல் ஏமாந்தால் கடையைத் தேடி வருவார். வாசத்துக்கு ஆசைப்பட்டுச் சொறிந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், கல்முனைக் கடைத்தெரு அத்தர் கடையொன்றில், அப்படிச் சொறிவதே என் உத்தியோகம்.

கையில் ஒரு வட்டம்

புதுச் சரக்கு வந்தால் முதலாளி காக்கா (எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்) என் முன்கையில் மைப்பென்சிலால் வட்டம் போட்டு, நடுவில் ஒரு சொட்டு விடுவார். இரண்டு மணித்தியாலம் கழித்து மை உறிஞ்சும் ஒற்றுத்தாளை அதன்மேல் அமர்த்துவார். பெரிய கறை விழுந்தால் தோல் குடிக்கவில்லை. சின்னக் கறையென்றால் குடித்துவிட்டது. பொழுதுபடுமட்டும் தடிப்பு இல்லாவிட்டால்தான் விற்பனை.

பாலமுனை மீன்காரர் ஒருவர் இதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "ஏன் காக்கா, ஆட்டுத்தோல் ஒண்டும் கிடைக்கல்லியா?"

கறையே விழாத மல்லிகை

ஒருநாள் கொழும்பிலிருந்து புது மல்லிகை அத்தர் வந்தது. மறுநாள் காலை சாய்ந்தமருதில் ஒரு நிக்காஹ். மாப்பிள்ளையின் மாமா கடையிலேயே குந்திவிட்டார். பகல் பன்னிரண்டுக்குச் சொட்டு விழுந்தது. நான் பள்ளிக்குப் போய் லுஹர் என்ற நண்பகல் தொழுகையை முடித்துவிட்டு வந்தேன். ஒற்றுத்தாளில் பொட்டளவு கறைகூட இல்லை. பொழுதுபட்டது, தடிப்பும் இல்லை.

காக்கா போத்தலை மாமாவின் கையில் வைத்தார். "இதுதான் அத்தர்! தோல் ஒரு சொட்டும் மிச்சம் வைக்காமக் குடிச்சிருக்கு."

சவர்க்காரம்

அன்று மஃரிப் என்ற அந்தித் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒழு எடுக்கும்போதுதான் கையிலிருந்த சவர்க்காரத்தைப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தண்ணீர் தோலில் படாது, ஒழு செல்லாதே என்ற பயத்தில், லுஹருக்கும் முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தேன். தோல் எங்கே குடித்தது? கிணற்றடி வாய்க்கால்தான் குடித்தது! உடனே கடைக்கு ஓடி, மாமாவுக்கு ஊற்றிக் கொடுத்த பெரிய போத்தலின் அடியில் மிஞ்சியதை முழங்கைக்கு மேலே ஒரு சொட்டு விட்டேன். விடியும்போது அந்த இடம் சிவந்து தடித்திருந்தது.

கழுத்து வீங்கிய மாப்பிள்ளை சபை நடுவில் குந்தியிருந்து சொறிவது கண்ணுக்குள் வந்தது. சைக்கிளை மிதித்தேன். பந்தல் வாசலில் அந்த மாமா நின்றார். சட்டைக் கையைச் சுருட்டித் தடிப்பைக் காட்டினேன். "மாமா, அந்த அத்தர்... பூசிட்டீங்களா? அது சொறியும்" என்றேன். என் கையைப் பார்த்தார், தோளில் தட்டினார்.

"பதறாத தம்பி. நெடி தாங்காம மாப்பிள்ள மூக்கப் பொத்திட்டான். மறுகா முழுக்கப் பந்தல் சீலையில ஊத்திட்டம். பந்தல் இன்னும் சொறியல்ல."

அன்றிலிருந்து வட்டம் முழங்கைக்கு மேலே போனது. என் சொறியும் ஒரு சாண் மேலே ஏறியதே தவிரக் குறையவில்லை.