ஐந்து விரலில் டச்சு

மூன்றாம் வகுப்போடு நின்றும் நான்கு லாரிக்கு முதலாளியானவன் நான். ஐந்து மொழியில் பேரம் பேசுவேன். என்னையே அசர வைத்தார், வேடசந்தூர் பேருந்தில் கண்ட ஒரு மில் தொழிலாளி அம்மா. தலையெல்லாம் பஞ்சு. ஏதோ முணுமுணுத்தபடி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார்.

"என்னம்மா, மந்திரமா?"

"டச்சுண்ணே. நெதர்லாந்துல மகளுக்குப் பிரசவம். மருமகன் கப்பல்ல இருக்காரு, நாந்தேன் போறேன். அவள உள்ள கூட்டிட்டுப் போயிட்டா நர்சுகிட்ட கேக்கணும்ல? அஞ்சு கேள்வி." கட்டைவிரலை மடக்கினார். "வார் இஸ் மைன் டொஹ்தர்? எம்மக எங்க?"

"அவுக சொல்ற பதிலு புரியுமா?"

"மூஞ்சியப் பாத்தாத் தெரியாதாக்கும்?"

சுட்டுவிரலை மடக்கினார். "இஸ் ஹெட் கிண்ட் கெசோண்ட்? புள்ள சொகமா?" மடக்கிய விரலை விடவில்லை.

அந்தக் கேள்விக்குச் சிரித்த முகமே பதிலாகக் கிடைத்திருக்க வேண்டுமென்று இன்றும் கும்பிட்டுக்கொள்கிறேன்.