‘நான் யார்?’: காஜா பெராங்கில் கிடைத்த பதில்

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்குச் சிரம்பானில் பஸ் ஏறினோம். மலாக்கா ஏறக்குறைய ஐம்பது மைல். தம்பினில் வண்டி மாறவேண்டும். மலாயா சுதந்திரத்துக்குக் கட்டிய கொடிகள் வழியெங்கும் கடை வாசல்களில் இன்னும் பளிச்சென்று பறந்தன. என் வீட்டுக்காரர் எதையும் பார்க்கவில்லை. அன்று மாலை பேசவேண்டிய பேச்சைக் கண்ணை மூடி முணுமுணுத்தபடியே வந்தார்.

அவர் ஒரு கம்பெனி ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. இரண்டு வருஷமாக விடியற்காலையில் எழுந்து வேதாந்தமும் சித்தாந்தமும் படிக்கிறார். தான் யார் என்று கண்டுகொண்டால் கோபம் தானாக ஓடிவிடும் என்பது அவர் கட்சி. அவர் கோபம் என்றால் எனக்குப் பயம். ஆகவே இந்தப் படிப்புக்கு என்னைவிடப் பெரிய ஆதரவாளர் யாரும் இல்லை. விடியற்காலைக் காப்பி ஒருநாள்கூடத் தவறியதில்லை. கோபம்தான் வீட்டைவிட்டுக் கிளம்புவதாகத் தெரியவில்லை.

ஆலோர் காஜாவில் கெபாயா என்ற மலாய்ச் சட்டை போட்ட ஓர் அம்மாள் கூடையோடு ஏறி என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி ஒரு மாட்டுக்காகச் சட்டென்று நின்றது. கூடையிலிருந்த மிளகாய்ச் சம்பல் ஜாடி சாய்ந்து, இவருடைய வெள்ளைச் சட்டையெல்லாம் சிவப்பு.

“கண்ணு தெரியலையா? ஜாடிய இப்படித்தான் தூக்கிட்டு வர்றதா?” என்று இவர் ஆரம்பித்தார். அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியவில்லை. முந்தானை இல்லாத உடுப்பில் எதைக்கொண்டு துடைப்பது என்று தடுமாறினார். இவர் மலாக்கா வரும்வரை விடவில்லை. எனக்கு அழுகை வந்தது. இரண்டு வருஷக் காப்பி வீண் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினொரு மணிக்குக் காஜா பெராங். மலாக்கா டவுனுக்குள்ளேயே செட்டி மக்கள் வாழும் இடம் இது. பல தலைமுறைக்கு முன் கப்பலேறி வந்த நம்மவர்களின் வாரிசுகள். நெற்றியில் விபூதி, வாசலில் மாவிலை, இடுப்பில் சாரோங், வாயில் மலாய். இவருடைய ஆபீஸ் நண்பர் நாயக்கர் இந்த ஊர்க்காரர். பேச்சுக்கு ஏற்பாடு செய்தவரும் அவரே.

“அண்ணே, நீங்க தமிழ்லயே பேசுங்க லா. நான் மலாய்ல சொல்லிக்கிறேன். எங்காளுங்களுக்குத் தமிழ் சாமி கும்பிட மட்டும்தான்” என்றார். அவர் வீட்டில் மீன் குழம்பு பிரமாதம். நான் மூன்று தரம் போட்டுக்கொண்டேன்.

ஐந்து மணிக்குக் கோயில் முற்றத்தில் நாற்பது பேர் கூடினார்கள். அவருக்கு இது முதல் மேடை. சொதப்பினால் இனிமேல் மேடை ஏறுவதில்லை என்று என்னிடம் சொல்லியிருந்தார். குரலை உயர்த்தி, “நான் யார்?” என்று கேட்டு நிறுத்தினார்.

நாயக்கரும் அதே கம்பீரத்தோடு, “சாயா சியாபா?” என்று கேட்டு நிறுத்தினார். (கடல் தாண்டிப் படிப்பவர்களுக்கு: சாயா என்றால் இங்கே டீ அல்ல, ‘நான்’.)

முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். பஸ் அம்மாளேதான். வெளியூர்க்காரர் தம்மை அடையாளம் தெரிகிறதா என்று கேட்கிறார் என நினைத்திருக்கவேண்டும். உதவி செய்யும் முகத்தோடு, “ஓராங் மாரா டாலாம் பஸ்!” என்றார். பஸ்ஸில் கோபப்பட்ட ஆள்!

சிரிப்பில் முற்றமே அதிர்ந்தது. நாயக்கர் மொழிபெயர்க்கத் திணறினார். தேவையே இல்லை, சந்தை மலாய் இவருக்கும் தெரியும். முகம் சிவந்தது. வெடிக்கப்போகிறார் என்று நான் புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவர் அப்படியே நின்றார். பிறகு தோள் குலுங்கியது. சிரிக்கிறார்! “பெத்துல்” என்றார், சரிதான் என்று. கும்பிட்டு, “மின்தா மாஃப், மக்சிக்” என்று அந்த அம்மாளிடம் மன்னிப்பும் கேட்டார். மனப்பாடம் செய்த பேச்சு அதோடு போயிற்று. அதற்குப்பின் தன் கோபத்தைப் பற்றியே பேசினார். ஆளாளுக்குத் தங்கள் வீட்டுக் கோபக்காரர்களைச் சொல்ல, இருட்டும்வரை ஒரே சிரிப்பு.

ஞாயிறு காலை திரும்பும் பஸ்ஸில் அவர் முணுமுணுக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும், “கமலா, நீ சொல்லு. நான் யாரு?” என்றார்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் என்னை அவர் இப்படிக் கேட்டதில்லை. மெல்ல ஆரம்பித்தேன். என் அம்மா நோயில் படுத்திருந்தபோது பெற்ற மகன்போல் அவர் பார்த்துக்கொண்டதைச் சொன்னேன். அவர் குரல் அடங்கட்டும் என்று நான் கதவுக்குப் பின்னால் காத்து நின்ற சாயங்காலங்களையும் சொன்னேன். அவர் காது சிவந்தது. “அப்புறம்?” என்றார். தம்பினில் வண்டி மாறி உட்கார்ந்ததும் மறுபடி, “அப்புறம்?”

சிரம்பான் வந்தபோது பாதிதான் சொல்லியிருந்தேன். ரிக்‌ஷாக்காரர் ஓடிவந்தார். அவரை வேண்டாமென்று அனுப்பிவிட்டு, “நடந்தே போலாம். மிச்சத்தையும் சொல்லிடு” என்றார்.