அந்தோனியாருக்கு நேர்ந்த முதல் வலை

இறாலின் கொம்பு விரலில் குத்தினால் ஒரு கடுப்பு கடுக்கும் பாருங்கள்... உப்புத்தண்ணீர் பட்டால் இன்னும் கூடும். அந்தக் கடுப்பை நான் சிரித்துக்கொண்டே தாங்கிய காலை ஒன்று இருக்கிறது.

சண்டை முடிந்து மீள்குடியேறி வந்த புதிது. விடத்தல்தீவுக்குக் கிட்ட, கடற்கரையில் எங்கள் காணி. காணி என்பது பெயருக்குத்தான், முழுக்கப் பற்றைக்காடு. அதை வெட்டித் துப்பரவாக்கி, தறப்பாள் கொட்டில் ஒன்று போட்டிருந்தோம். நான், என் மனுசன், அவருடைய தம்பி றெஜி. மழை பெய்தால் உள்ளே இருப்பதும் வெளியே நிற்பதும் ஒன்றுதான்.

உதவி நிறுவனம் ஒன்று வள்ளமும் வலையும் தந்தது. எஞ்சின் தரவில்லை. கம்பு ஊன்றிக்கொண்டு எவ்வளவு தூரம் போவது? கரையோரம்தான். என் மனுசனுக்கு நித்திரையிலும் எஞ்சின் கதை.

வள்ளம் கிடைத்த அன்று நான் தனியாக அந்தோனியார் கோயிலுக்குப் போனேன். கூரை இல்லை, கதவு இல்லை, பீடம் மட்டும் நின்றது. முழங்காலில் இருந்து, "அந்தோனியாரே, முதல் வலையில படுற மீன் முழுக்க உமக்குத்தான்" என்று நேர்ந்துகொண்டேன்.

புது வலை கடலில் விழும்போது அப்படி நேர்வது எங்கள் பக்கத்து வழக்கம். படுவதைக் கோயில் வாசலில் ஏலம் விட்டு, காசைக் கோயிலுக்குக் கொடுப்பார்கள். உண்மையைச் சொன்னால், கரையோரத்தில் போடுகிற வலையில் அப்படி என்ன பட்டுவிடப் போகிறது என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் சூடை மீன், ஒன்றிரண்டு நண்டு... மனுசனிடம் சொல்லக்கூட இல்லை.

இரவு முதல் வலை போடப் போய், விடிய வள்ளம் வந்தது. றெஜி தூரத்திலேயே கத்துகிறான். ஓடிப் போய்ப் பார்த்தால்... வலை முழுக்க இறால்! வெள்ளை இறால், ஒவ்வொன்றும் கை நீளம். அயல் பெண்களும் வந்து குந்தி இருந்து வலையிலிருந்து கழற்றினோம். கூடைகள் நிரம்ப நிரம்ப என் மனுசன் குழந்தைப் பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

"மீன் எடுக்கிற மன்னார்க் கூலர் லொறி இப்ப வரும். இண்டைக்கே எஞ்சினுக்குச் சொல்லிப்போடலாம், என்னப்பா?"

நேர்த்தி எனக்கும் அந்தோனியாருக்கும் மட்டும்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தால் எஞ்சின் வந்துவிடும். விரலில் குத்திய கொம்பை இழுத்து எடுத்துவிட்டு, அயலவர்கள் போகும்வரை பொறுத்திருந்தேன்.

"இஞ்சருங்கோ... நான் ஒரு நேர்த்தி வச்சனான்" என்றேன். முழுவதையும் சொன்னேன்.

அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே வடிந்துவிட்டது.

"ஏனப்பா, ஒரு மெழுகுதிரிக் கட்டு எண்டு நேந்திருக்கலாம்தானே?"

றெஜி விடவில்லை. "மச்சாள், மீன் எண்டுதானே நேந்தனீங்கள்? இது இறால்!"

"அந்தோனியார் என்ன, மீன்பிடிச் சங்கத் தலைவரோ, மீன் வேற இறால் வேற எண்டு பிரிச்சுப் பாக்க?" என்று மனுசன் அவன் மேல் பாய்ந்தார். பிறகு குந்தி இருந்து வலையில் சிக்கியிருந்த பாசியைப் பிடுங்கத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து லொறியின் ஹோர்ன் சத்தம் வேறு. அவர் "குடுக்க வேண்டாம்" என்று சொல்லியிருந்தால் நான் மறுத்திருக்கமாட்டேன் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஏனென்றால் அந்த மனுசன் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

எழும்பினார். சாரத்தை மடித்துக் கட்டினார்.

"ஷெல்லுக்குள்ளால உயிரோட கொண்டுவந்து விட்டவருக்கு இறாலைக் குடுக்கக் கணக்குப் பாக்கிறதோ? றெஜி, பிடியடா மற்றப் பக்கத்தை."

கோயில் வாசலில் மூப்பர் ஏலம் விட்டார். பாதிரியார் மாதத்தில் ஒருமுறைதான் வருவார் என்பதால், எங்கள் கோயில் காரியம் எல்லாம் இந்த மூப்பர்தான் பார்த்தார். லொறிக்காரரே எல்லாவற்றையும் எடுத்தார். கறிக்கென்று ஒரு இறால்கூட நாங்கள் வைக்கவில்லை. மத்தியானம் சோறும் சம்பலும்தான். றெஜி கையை மணந்து மணந்து சாப்பிட்டான். "இறால் குழம்போட சாப்பிடுறமாதிரித்தான் இருக்கு மச்சாள்" என்றான். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது.

அந்தக் காசில் பீடத்துக்கு மேலே தகரம் போட்டார்கள். எங்களுக்கு எஞ்சின் வர அடுத்த வருசமாகிவிட்டது. அதுவரை கம்புதான்... ஆனால் அந்த வருசம் முழுக்க எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. எதையும் இழந்த மாதிரியே இருக்கவில்லை.

இப்போது கல்வீடு. மாபிள் தரை, ஃபிரிட்ஜ், அலுமாரி எல்லாம் இருக்கிறது. றெஜி கலியாணம் கட்டிப் பேசாலையில் இருக்கிறான். ஆண்டவர் குறை வைக்கவில்லை, சந்தோசமாகத்தான் இருக்கிறோம்.

போன கிழமை பெரிய வள்ளம் ஒன்று புதிதாக இறக்கினோம். கடலுக்குப் போகும்போது மனுசன் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"இந்த முறை நான் நேந்திட்டன். முதல் வலை கோயிலுக்கு."

"முழுக்கவோ?" என்று என் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

கேட்ட பிறகுதான் வெட்கமாக இருந்தது. தறப்பாளுக்குள் இருந்தபோது கேட்காத கேள்வி. இவ்வளவும் தந்த பிறகு கேட்கிறேன்.

அவர் சிரித்தார். வள்ளம் கண்ணுக்கு மறையும்வரை கரையில் நின்றேன். நின்றபடியே, "அந்தோனியாரே, நல்லா நிறையப் படவேணும்" என்று கேட்டுக்கொண்டேன். எனக்காக இல்லை.