மேசையில் ஓடும், சுவரில் நிற்கும்

அந்தக் குடியிருப்பில் எல்லோரும் அவளை "ஸ்கிரீன் அக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். கணவர் தையல்காரர். திரைச்சீலைகளை அவர் தைப்பார். வீடு வீடாகப் போய்ச் சுவரில் துளை போட்டு, கம்பி மாட்டி, அவற்றைத் தொங்கவிட்டு வருவது அவள். கல்யாணமான புதிதில் அந்த வேலையையும் அவர்தான் பார்த்தார். ஆனால் ஏணியில் நாலு படி ஏறினாலே அவருக்குத் தலை சுற்றும். ஒருநாள் ஏணி மேல் கண்ணை மூடிக்கொண்டு நின்றவரைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டு, "நகருங்க, நான் பார்த்துக்கறேன்" என்று ஏறினாள். அதன்பின் அவள் இறங்கவேயில்லை.

ஒயர் இல்லாத டிரில் வாங்கியதும் வேலை சூடு பிடித்தது. அந்த டிரில்தான் இப்போது மக்கர் பண்ணியது. சுவரில் வைத்து அழுத்தினால் ஜோராகக் கிளம்பும். துளை பாதி இறங்கியதும் பொசுக்கென்று நின்றுவிடும். ஒரு தட்டுத் தட்டினால் ஓடும். மறுபடி நிற்கும்.

கைப்பிடிக்கு அடியில் மாட்டும் பேட்டரியை முழுக்க சார்ஜ் போட்டுப் பார்த்தாள். பித்தளை முனைகளைத் துணியால் பளபளவென்று துடைத்தாள். புது பேட்டரியே வாங்கிப் போட்டாள். அதே கதைதான். ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். கடைக்காரர் அதை மேசைமேல் நிறுத்தி விசையை அழுத்தினார். சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளைபோல அது நிற்காமல் ஓடியது.

"இதுக்கு ஒண்ணுமில்லக்கா. உங்களைப் பார்த்தாத்தான் நடிக்குது போல."

"உங்களைப் பார்த்துத்தான் இப்ப நடிக்குது" என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பினாள். வேலைக்குப் போனதும் அது பழையபடி நின்றது. ஆத்திரத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த வாரம் ஒரு பெரிய வீட்டு வேலை. கூடம் முழுக்க ஜன்னல். திரைச்சீலைகளின் கீழ்விளிம்பை அங்கேயே மடித்துத் தைக்க வேண்டியிருந்ததால் கணவரும் பையோடு கூட வந்திருந்தார். ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவள் மேலே ஏறினாள். வழக்கம்போல நடுவழியில் டிரில் நின்றது.

"ஏம்மா, அது வாயைத் திறக்குது" என்றார் அவர் கீழிருந்து.

"எது?"

"பேட்டரிதான். கைப்பிடிக்கும் அதுக்கும் நடுவுல ஒரு நூல் இடைவெளி விழுது. விழுந்த உடனே நின்னுடுது."

தையல்காரர் கண் அது. இடைவெளி என்றால் சட்டென்று பட்டுவிடும். அவள் இடது கையால் பேட்டரியை மேல்நோக்கித் தாங்கிப் பிடித்தாள். ஓடியது. கையை எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் நின்றது.

"அடப்பாவி!" என்று ஏணியிலேயே சிரித்துவிட்டாள். கடை மேசையில் டிரில் பேட்டரிமேல் அல்லவா நிற்கிறது? அதன் கனமே பேட்டரியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சுவரில் வைத்தாலோ பேட்டரி கீழே தொங்கும். அதிர அதிர நழுவும்.

அவர் பையிலிருந்து அகல எலாஸ்டிக்கை எடுத்தார். பிடியையும் பேட்டரியையும் சேர்த்து இறுக்கிச் சுற்றி, அங்கேயே உட்கார்ந்து தைத்தும் விட்டார். மிச்சத் துளைகள் அத்தனையும் ஒரே மூச்சில் முடிந்தன.

மறுநாள் கடைக்காரரிடம், "மேசையில வைக்காதீங்க. கையில தூக்கிப் பிடிச்சு, சுவத்துல சாய்ச்சு வெச்சிருக்கற அந்தப் பலகையில துளை போடுங்க" என்றாள். எலாஸ்டிக்கைப் பிரித்துவிட்டுக் கடைக்காரர் துளை போட்டார். நின்றது.

"அட, ஆமாக்கா! பேட்டரி மாட்டற விளிம்பு தேய்ஞ்சிருக்கு. பிடியோட வெளிக்கூட்டையே மாத்திடலாம்." மாற்றியும் கொடுத்தார்.

டிரில் இப்போது நன்றாக இருக்கிறது. கணவர்தான் மாறிவிட்டார். எல்லா வேலைக்கும் கூடவே கிளம்பி, ஏணிக்குக் கீழே நின்று, "கொஞ்சம் சாயுது பாரு, இன்னும் வலது பக்கம்" என்று ஓயாமல் யோசனை சொல்கிறார். அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். யோசனை ரொம்பவும் நீண்டுபோனால் மட்டும், டிரில் விசையை அழுத்திவிடுகிறாள்.