மாமா காரின் அம்மன் விளக்கு

எங்கள் அத்தை எதையாவது நேர்ந்துகொண்டால் அதை நிறைவேற்றுகிற பாடு மாமாவுடையது. மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டது அத்தை; போனது மாமாவின் முடி. ஆனாலும் யுத்த காலத்தில் அவள் நேர்ந்துகொண்ட விளக்கு அவரை ஆட்டிவைத்த மாதிரி வேறெதுவும் ஆட்டிவைக்கவில்லை.

அத்தை என் அப்பாவின் தங்கை. மாமா விழுப்புரம் ரயிலடியில் வாடகைக்குக் கார் ஓட்டினார். சொந்தக் கார்தான், எத்தனை கை மாறி அவரிடம் வந்ததோ அந்தக் கடவுளுக்கே வெளிச்சம். அத்தைக்கு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. இரண்டாவது குழந்தை, அவள் பிரசவத்துக்கு எங்கள் ஊருக்கு வந்திருந்தபோது, திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் மாட்டு வண்டியிலேயே பிறந்து, வண்டியிலேயே போய்விட்டது. மாமா அன்றைக்கு எவரையோ ஏற்றிக்கொண்டு திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் போயிருந்தார். மூன்றாவது தரித்ததும், பிரசவம் ஆகிறவரை மாமாவின் காரில் அம்மன் படத்துக்கு முன்னால் ஒரு விளக்கு குளிராமல் எரியும் என்று அத்தை வேண்டிக்கொண்டாள். விளக்கு அணைந்தது என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள், குளிர்ந்தது என்பார்கள்.

"வீட்ல ஏத்தேன், யாரு வேணாங்கறாங்க?" என்று கேட்டாராம் மாமா.

"புள்ள வீட்லயா போச்சு? வழியிலதான போச்சு. வழிக்குத்தாங்க வெளக்கு."

சொன்னதோடு நிற்காமல் எண்ணெய் ஊற்றின அகலைக் கொண்டுபோய்க் காருக்குள் வைத்தே விட்டாள். "அடிப்பாவி, பெட்ரோல் வண்டிடி இது!" என்று மாமா அலறிக்கொண்டு ஓடி அதை எடுத்தார். மறுநாள் ஒரு குட்டிச் சிவப்பு பல்பை வாங்கிவந்து அம்மன் படத்துக்குக் கீழே பொருத்தினார். தொழில் தெரிந்தவர் அல்லவா, முறையாகச் சாவியோடு சேர்த்துக் கம்பி கொடுத்தார். சாவியைத் திருப்பினால் விளக்கு எரியும். சாவியை எடுத்தால் நின்றுவிடும். அன்று சாயங்காலம் காரை நிறுத்திச் சாவியை எடுத்ததும் அம்மன் முகம் இருண்டது. அத்தை சோறு தின்னாமல் அழுதாள். மாமா அந்தக் கம்பியைப் பிடுங்கி, சாவியோடு சம்பந்தமில்லாமல் நேரே பாட்டரியில் கட்டினார். அப்புறம் விளக்கு இரவு பகலாக எரிந்தது. கார் தினமும் ஓடிக்கொண்டிருந்ததால் பாட்டரியும் தாங்கியது.

மாதம் நிறைந்து அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். கூடவே மாமாவும் காரும். பெட்ரோல் ரேஷன் காலம். ஆஸ்பத்திரிக்குப் போகவென்று ஒரு டின் பெட்ரோலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, புளியமரத்தடியில் காரை நிறுத்திவிட்டுக் காவல் இருந்தார் மாமா. "என்ன மாப்ள, வீட்டோட மாப்ளையா வந்துட்டீங்களா?" என்று அப்பா கேலி செய்வார். அம்மா அவித்துப் போட்ட மல்லாட்டைக் கடலையை உரித்துத் தின்றுகொண்டு மாமா சிரிப்பார். ஒரு சொட்டு பெட்ரோல் வீணாகக் கூடாது என்று அவர் இன்ஜினைக் கிளப்பவே இல்லை.

ஒரு நாள் காலை எதற்கும் பார்ப்போமே என்று கிளப்பிப் பார்த்தார். கார் முனகக்கூட இல்லை. முன்பக்கம் இரும்புக் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார். தெருவே கூடித் தள்ளியது. ஊஹூம். அம்மன் விளக்கு சாகப்போகிற கங்கு மாதிரி மங்கிக் கிடந்தது.

"வெளக்கே பாட்டரி மொத்தத்தையும் குடிச்சிடுச்சு மச்சான்," என்றார் மாமா அப்பாவிடம். "இன்னிக்கு வலி எடுத்திருந்தா திரும்பவும் அதே மாட்டு வண்டிதான்."

பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று அத்தையிடம் சொல்லி, அதைத் திண்டிவனத்துக்கு அனுப்பிச் சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அதுவரைக்கும் என் அம்மா ஓர் அகலை ஏற்றிக் காரின் முன்னால் தரையில் வைத்து ஒப்பேற்றினாள். பாட்டரி திரும்பி வந்ததும் மாமா காருக்குள் மல்லாந்து படுத்து என்னவோ செய்தார். என்ன மாமா என்று கேட்டேன். "தூசு தட்டிக்கினு இருக்கேன் பாப்பா, ஜல்தியா உள்ள ஓடு" என்றார்.

அத்தைக்குக் கால் வீங்கிப் போய் உள்ளறையை விட்டு வர முடியாது. அவளுக்குக் கண்ணாக இருந்தது நான்தான். சாயங்காலம் ஆனால், "வெளக்கு எரியுதான்னு பாத்துக்கினு வாடி" என்று அனுப்புவாள். போவேன். மாமா காருக்குள் உட்கார்ந்திருப்பார், அம்மன் முகத்தில் சிவப்பு வெளிச்சம் விழுந்திருக்கும். எரியுது அத்தை என்று வந்து சொல்வேன். மாமாவுக்குக் கார்மேல் எவ்வளவு பிரியம், எப்போதும் அதிலேயே இருக்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம்.

ஒரு நாள் உச்சிவெயிலில், யாரும் அனுப்பாமலே, புளியங்காய் பொறுக்கப் போனேன். மாமா காருக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். விளக்கு எரியவில்லை!

"ஐயோ மாமா, வெளக்கு!" என்று கத்தினேன்.

திடுக்கிட்டு எழுந்தவர் கையை எங்கேயோ கொண்டுபோனார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. "இப்ப பாரு, எரியுதா? சாமின்னா கொஞ்சம் கண்ணசரக் கூடாதா? நீ மத்தியானம் தூங்கறல்ல?" என்றார்.

அடடா, எவ்வளவு நியாயமான பேச்சு! நேரே ஓடி அத்தையிடம் சொன்னேன். "அத்த, சாமி மத்தியானம் தூங்குது. மாமாதான் எழுப்பி வுட்டாரு."

அத்தை என்னையே பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. ஏதோ கோபம் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் வழக்கம்போல் என்னை அனுப்பினாள். நான் எழுந்து ஓடப் பார்த்தேன். கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஓடாதடி. மெதுவா போ. வாசல்லேர்ந்தே 'மாமா, மாமா'ன்னு கூப்பிட்டுக்கினே போ."

"எதுக்கு அத்த?"

"சாமி தூங்கினா பயந்துக்கும்ல?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அன்றிலிருந்து தெருவுக்கே கேட்கிற மாதிரி மாமாவைக் கூப்பிட்டுக்கொண்டுதான் போனேன். ஒரு நாள்கூட விளக்கு எரியாமல் இருந்ததில்லை.

வலி எடுத்தது ஒரு காலைப்பொழுதில். அப்பாவும் அம்மாவும் அத்தையைக் கைத்தாங்கலாக நடத்தி வந்தார்கள். மாமா முன்னால் ஓடிப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருந்தார். காரை நெருங்கியதும் அத்தை கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "கண்ணத் தொற, படியப் பாத்து ஏறு" என்று அம்மா அதட்டியும் திறக்கவில்லை. தடவித் தடவி ஏறிப் பின்ஸீட்டில் உட்கார்ந்தாள். மாமா பாய்ந்து வந்து சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டரின் ஒரே அழுத்தில் இன்ஜின் கிளம்பி மொத்தக் காரும் குலுங்கிய பிறகுதான் அவள் கண் திறந்தது. நேரே அம்மனைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"எரியுது பாத்தியா?" என்றார் மாமா, திரும்பிப் பார்க்காமல்.

"அது எங்க குளிர்ந்துச்சு, எரிஞ்சிக்கினுதான இருக்கு. நீங்க ஓட்டுங்க" என்றாள் அத்தை.

பிள்ளை ஆஸ்பத்திரியில் பிறந்தான், தங்கினான். கம்பியைத் திரும்பவும் சாவியோடு சேர்த்துக் கட்டி அத்தையை ஏமாற்றிய கதையை மாமா தம் கடைசிக் காலம்வரை அப்பாவிடம் குசுகுசுவென்று சொல்லிச் சிரிப்பார். அப்போதெல்லாம் அத்தைக்கு அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும். கார் ஏறும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டது வலியினால்தான் என்று நானும் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.