கதிரையில் இருந்தபடி துளை போடச் சொல்லித்தந்த சிவநேசன்

இன்று காலை ஏழரைக்கு சிவநேசன் நம்பரிலிருந்து போன். நுரையீரல் கிடைத்துவிட்டது, ஆஸ்பத்திரியில் கூப்பிட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

"வசந்தா, வந்துருச்சு போலருக்கு!" என்று என் மனைவியிடம் கத்திக்கொண்டே எடுத்தேன்.

பேசியது அவர் மனைவி. "சேர்... இவர் எங்களை விட்டிட்டுப் போயிட்டார்."

நாற்பத்தாறு வயது. நுரையீரல் மாற்று சிகிச்சைக்காகப் பதினோரு மாதமாகப் பட்டியலில் காத்திருந்தார்.

நாங்கள் குடியேறிய இந்தப் பொயிண்ட் குக்கில் எங்கள் ஞாயிறு தமிழ் வகுப்புக்கு வருகிறவர்களுக்கு அவரைத் தெரியும். மகளை என் வகுப்பில் விட்டுவிட்டு, முடியும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். போனை சட்டைப் பையிலேயே வைத்திருப்பார், எந்த நேரமும் அழைப்பு வரலாம் என்று...

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்துக்காரர். சமையலறை மேடைக்கான செயற்கைக் கல்லை வெட்டும் பட்டறையில் ஒன்பது வருடம் வேலை. தண்ணீர் விடாமல், மாஸ்க் இல்லாமல். விசா உறுதியாகாத காலம்... கேட்டால் வேலை போய்விடும் என்று கேட்கவில்லை. அந்தக் கல்தூள் உள்ளே போய்ப் படிந்துவிட்டது.

போன வருடம் வசந்தாவுக்கு இடுப்பு ஆபரேஷன். பின்கதவுக்கு வெளியே இரண்டு படி. இறங்குவதற்கு செங்கல் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி வேண்டும். நானே போட்டுவிடலாம் என்று ஒரு கார்ட்லெஸ் ஹாமர் டிரில் வாங்கிவிட்டேன். வாங்கிய பிறகுதான் பயம் வந்தது.

சிவநேசனிடம் சொன்னேன். "நான் வாறன் சேர். ஆனா துளை நீங்கள்தான் போடோணும். நான் தூரத்தில இருந்து சொல்லுறன்" என்றார்.

சனிக்கிழமை வந்தார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, வேலி ஓரமாக ஒரு கதிரை போடச் சொன்னார். உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்தார்.

"சேர், உந்தத் தாடி?"

வசந்தா எழுந்து நடக்கிறவரை சவரம் செய்வதில்லை என்று முருகனுக்கு வேண்டிக்கொண்டு வளர்த்த தாடி அது.

"வழிச்சுப்போட்டு வாங்கோ. தாடி இருந்தா மாஸ்க் முகத்தில ஒட்டாது. இடைவெளிக்குள்ளால தூசி போகும்."

"வேண்டுதல், சிவா."

"முருகனோட நான் கதைக்கிறன். நீங்கள் போய் வழியுங்கோ."

வாக்கரைப் பிடித்துக்கொண்டு கதவருகே நின்ற வசந்தா, "அவர் சொல்றதைக் கேளுங்க. முடிதானே, திரும்ப முளைக்கும்" என்றாள்.

"ஓம் அன்ரி, மற்றது முளைக்காது" என்று நெஞ்சைத் தொட்டுச் சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. போய் வழித்துவிட்டு வந்தேன்.

மாஸ்க், கண்ணாடி, காதுக்கு மூடி. டிரில்லின் வளையத்தைச் சுத்தியல் படத்துக்குத் திருப்பச் சொன்னார். சுவரைத் துளைக்கும் பிட்டில் எவ்வளவு ஆழம் வேண்டுமோ அங்கே ஒரு டேப் சுற்றச் சொன்னார். துளை விழும் இடத்துக்குக் கீழே வேக்குவம் குழாயை ஒட்டச் சொன்னார். "செங்கலுக்கு நடுவில, சேர். விளிம்பில வைச்சா வெடிக்கும்."

ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பென்சிலை அழுத்துமே, அப்படி அழுத்தினேன். பிட் வழுக்கிச் சுவரில் ஒரு கீறல்... இன்னும் இருக்கிறது.

"தள்ளாதேங்கோ. அது தன்ர வேலையைத் தானே செய்யும். ரெண்டு கையாலயும் நேராப் பிடிச்சாப் போதும். மெதுவாத் தொடங்குங்கோ. இடைக்கிடை வெளிய இழுங்கோ, தூள் வரட்டும்."

முதல் துளை விழுந்தது. எனக்கு ஒரே பெருமை. மாஸ்க்கைக் கீழே இறக்கிவிட்டு, துளைக்குள் வாயை வைத்து ஊதப் போனேன்.

"ஊதாதேங்கோ!"

கதிரையிலிருந்து எழுந்து ஓடி வந்தார். பத்தடிகூட இருக்காது. துணி காயப்போடும் கொடிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். இருமல். அது அடங்க வெகுநேரம் ஆயிற்று. டிரில்லைக் கையில் வைத்துக்கொண்டு நான் சும்மா நின்றேன்.

"முப்பத்தஞ்சு வருஷம் சாக்பீஸ் தூள் தின்னவன் சிவா, எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன்.

மூச்சு திரும்பாமலே சொன்னார். "நானும்... உப்பிடித்தான்... சொன்னனான், சேர்."

மற்ற துளைகளுக்கு மாஸ்க்கைக் கீழே இறக்கவே இல்லை நான். கம்பி ஏறியதும் என் முழு எடையையும் போட்டு அதில் தொங்கச் சொன்னார். அசையவில்லை என்று பார்த்த பிறகுதான் கிளம்பினார்.

இரண்டு மாதத்துக்கு முன் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, ஒரு தாளை எடுத்துக் காட்டினார். மூச்சுப் பரிசோதனை கிராஃப். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கோடு.

"நீங்கள் கணக்கு சேர்தானே. இந்தக் கோடு இப்பிடியே போனா, எப்ப கீழ முட்டும்?"

இதே கேள்வியை எத்தனை பிள்ளைகளிடம் கேட்டிருப்பேன்... கோட்டை நீட்டு, எங்கே தொடுகிறது பார் என்று. எனக்குப் பேனாகூடத் தேவைப்படவில்லை. மாதம் தெரிந்துவிட்டது.

"புள்ளி கம்மியா இருக்கு சிவா. இன்னும் ரெண்டு வரட்டும், பாப்போம்."

"சரி சேர், பாப்பம்."

தாளை என்னிடமிருந்து வாங்கி மடித்தார். அப்போதுதான் கவனித்தேன். அந்தக் கோட்டைப் பென்சிலால் மங்கலாக, ஸ்கேல் வைத்து, கீழே வரைக்கும் ஏற்கெனவே நீட்டியிருந்தார்.

தாளைச் சட்டைப் பையில் போனுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

இறுதிச் சடங்கு வெள்ளிக்கிழமை இருக்கும் என்கிறார்கள். விவரம் தெரிந்ததும் கமெண்டில் போடுகிறேன். வீட்டுக்குப் போகிறவர்கள் மகளிடம் அதிகம் கேள்வி கேட்காதீர்கள். சும்மா பக்கத்தில் இருங்கள்.

அந்தப் பென்சில் கோட்டை நானும் பார்த்தேன், சிவா...

போய் வாருங்கள்.